யார் உறுப்பினர்? மட்டாஞ்சேரியில் நகர்ப் பாதுகாப்பும் உள்ளூர்க் கூட்டுப் பொறுப்பும்

நகரப் பாதுகாப்பைப் பேசும் காவல்துறை அறிக்கைகளும் வளர்ச்சித் திட்ட ஆவணங்களும் மக்கள் பங்கேற்பை வலியுறுத்தத் தவறுவதில்லை. பங்கேற்பவர் யார், அவரைத் தேர்ந்தெடுத்தது யார், அவர் எவரைக் கேள்வி கேட்கலாம் என்ற மூன்றுக்கும் அவற்றில் விடை கிடைப்பது அரிது. கொச்சியின் மட்டாஞ்சேரியை முன்வைத்து இக்கட்டுரை சொல்லவருவது இதுதான்: நலிந்தோரைப் பயனாளிகளாக மட்டும் வைத்துக்கொள்ளும் கூட்டமைப்பு நெருக்கடி வந்தால் குலைந்துபோகிறது, அவர்கள் உறுப்பினர்களாக அமரும் அமைப்பே தாக்குப்பிடிக்கிறது.

கொச்சி மாநகராட்சி 1967 நவம்பர் 1 அன்று உருவானபோது எறணாகுளம், ஃபோர்ட் கொச்சி ஆகியவற்றுடன் மட்டாஞ்சேரி நகராட்சியும் அதில் கரைந்தது. அதற்குமுன் மட்டாஞ்சேரி தனி நகரம். 1555இல் போர்த்துகீசியர் கட்டித்தந்த அரண்மனையும், 1568இல் எழுந்த பரதேசி யூத ஆலயமும், மிளகும் இஞ்சியும் மணக்கும் கிடங்குகளும் சுற்றுலாப் பயணி காணும் மட்டாஞ்சேரி. கொங்கணி, குஜராத்தி, கச்சி மேமன், தமிழ், மலையாளக் குடும்பங்கள் நெருங்கி வாழும் சந்துகளும், ஒத்திக்குப் பிடித்த ஒற்றை அறையில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் வீடுகளும் உள்ளே கிடக்கும் இன்னொரு மட்டாஞ்சேரி. முதலாவதன் பாதுகாப்புக்குக் காவலரும் கேமராவும் போதும் என்று எண்ணலாம். இரண்டாவதற்குக் கூரை, கூலி, மருந்து, இரவில் அஞ்சாமல் வீடு திரும்பும் வழி எல்லாமே பாதுகாப்புதான். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் நிர்வாகப் பழக்கத்திலிருந்தே பாதிச் சிக்கல் முளைக்கிறது.

இவ்வூரின் முதல் கூட்டுப் பொறுப்பு அமைப்பு காவல் நிலையத்தில் பிறக்கவில்லை; துறைமுகத்தில் பிறந்தது. கப்பலில் சரக்கு ஏற்றியிறக்கும் கூலிகளைத் தேர்ந்தெடுக்க அன்று இருந்தது ‘சாப்பா’ முறை. ஒப்பந்தக்காரரின் ஆள் உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவான். அடித்துப் பிடித்து ஒன்றைக் கைப்பற்றியவனுக்கு அன்று வேலை. தொழிலாளியைத் தொழிலாளிக்கு எதிரியாக்கும் இந்த ஏற்பாட்டை எதிர்த்து எழுந்த வேலைநிறுத்தத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை சுட்டது. சைது, சைதலவி, ஆன்றணி என்ற மூன்று பெயர்களை ஊர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ (2023) திரைப்படம் இந்த வரலாற்றைச் சொன்னது. அது கே. எம். சிதம்பரனின் நாடகத்தைத் தழுவியது.

ஆய்வாளர் பெரும்பாலும் துப்பாக்கிச் சூட்டோடு நின்றுவிடுகிறார்கள். அதற்குப்பின் நடந்ததே நமக்கு முக்கியம். துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் 1948இலேயே வந்திருந்தது. அரசு, முதலாளி, தொழிலாளி என்ற மூன்று தரப்பும் அமரும் வாரியத்துக்கு அது வழிசெய்தது. கொச்சியில் அந்த ஏற்பாடு வேரூன்றிய பிறகே, 1960களின் தொடக்கத்தில், சாப்பா ஒழிந்தது. பதிவேடு வந்தது, முறைவைத்து வேலை வந்தது, படகுத்துறையில் நாள்தோறும் நடந்த கைகலப்பு நின்றது. கூடுதல் காவலரைப் போட்டு அங்கே அமைதி ஏற்படவில்லை. அடிபட்டவனுக்கு வாரியத்தில் வாக்கு கிடைத்ததால் ஏற்பட்டது. மட்டாஞ்சேரியின் நகர்ப் பாதுகாப்பு வரலாற்றை இங்கிருந்துதான் எழுதத் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

அரை நூற்றாண்டு கழித்துக் காவல்துறையே மக்களைத் தேடி வந்தது. நீதிபதி கே. டி. தாமஸ் ஆணையத்தின் பரிந்துரைப்படி 2008இல் 20 காவல் நிலையங்களில் தொடங்கிய ஜனமைத்ரி சுரக்ஷா திட்டம் பின்னர் மாநிலமெங்கும் பரவியது. தன் பகுதிக்குப் பொறுப்பான பீட் அலுவலர் ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறி முதியவர் யார், தனித்து வாழும் பெண் யார், எந்தத் தெருவிளக்கு எரியவில்லை என்று அறிந்து வைத்திருக்க வேண்டும். நிலையம்தோறும் ஊரார் கொண்ட ஜனமைத்ரி சமிதி கூடும். சமூகக் காவலுக்கு 2011ஆம் ஆண்டு கேரளக் காவல் சட்டம் சட்டபூர்வமான இடமும் தந்தது. 1953இன் நினைவு மறையாத ஊரில், காக்கிச் சட்டையைக் கண்டால் கதவைச் சாத்தும் வழக்கத்தை இத்திட்டம் ஓரளவு தளர்த்தியது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் சமிதி உறுப்பினரை நியமிப்பது காவல்துறை. அமைப்பின் அடிப்படைக் குறை அங்கேதான். நியமிக்கப்பட்டவர் தகவல் சொல்வார், தட்டிக் கேட்கமாட்டார். வணிகர் சங்கத் தலைவரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் இடம்பெறும் அந்த அவையில், நடைபாதையில் மீன் விற்கும் பெண்ணின் குரல் கேட்பது அபூர்வம். பெரும்பாலும் அவரைப் பற்றிய புகார்தான் அங்கே வந்துசேரும்.

தமிழகத்தின் அனுபவம் இதைக் கடுமையாகவே மெய்ப்பித்தது. 1993இல் ராமநாதபுரத்தில் காவல் அதிகாரி பிரதீப் வி. பிலிப் தொடங்கிய ‘காவல்துறை நண்பர்கள்’ இயக்கம் முன்மாதிரி என்று பல காலம் போற்றப்பட்டது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவல் சித்திரவதைக்கு ஆளான தந்தையும் மகனும் இறந்தபோது, இவ்வியக்கத் தன்னார்வலர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. இயக்கம் அதை மறுத்தது. ஆயினும் ஜூலையில் அரசு அதற்குத் தடை விதித்தது. குற்றச்சாட்டின் உண்மை ஒருபுறமிருக்க, அமைப்பைப் பற்றிய கேள்வி மிஞ்சி நிற்கிறது: காவலருக்கு உதவும் குடிமகனுக்குக் காவலரைத் தடுக்கும் அதிகாரம் எந்த விதியில் இருந்தது? எதிலும் இல்லை. இதற்கு மாறாக, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1998ஆம் ஆண்டுச் சட்டம் காவல்துறையும் உள்ளாட்சியும் சேர்ந்தே குற்றத்தடுப்பைத் திட்டமிட வேண்டும் என்று இருதரப்பையும் கட்டாயப்படுத்தியது. அங்கும் குறைகள் உண்டு. எனினும் பொறுப்பு நல்லெண்ணத்தை மட்டும் நம்பி விடப்படவில்லை.

கேரளத்தின் வலு வேறிடத்தில் இருக்கிறது. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் கூட்டியக்கத்தின் அயல்கூட்டம் தன் தலைவியைத் தானே தேர்ந்தெடுக்கிறது, தன் சேமிப்பைத் தானே ஆள்கிறது. கையில் பணமும் பதிவேடும் உள்ள பெண் வேறு எந்த அவையிலும் நிமிர்ந்து பேசுவாள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ‘ஸ்னேஹிதா’ உதவி மையம் 2013இல் முதலில் திறக்கப்பட்ட மாவட்டங்களுள் எறணாகுளமும் ஒன்று. எந்தச் சந்தில், எந்தப் பேருந்தில், எந்த வீட்டுக்குள் குற்றம் நடக்கிறது என்று பெண்களே வரைபடமிடும் பணியைக் குடும்பஸ்ரீ பின்னர் மேற்கொண்டது. காவல் நிலையப் புள்ளிவிவரத்தில் ஏறாத குற்றங்கள் அந்த வரைபடத்தில் ஏறின. வார்டு அளவில் பெண்கள், குழந்தைகள் பாதுகாப்புக்கான ஜாக்ரதா சமிதிகளும் உண்டு. கவுன்சிலர், அங்கன்வாடி ஊழியர், குடும்பஸ்ரீப் பெண், காவலர் என்று பலர் ஒன்றாக அமரும் இந்த அமைப்பு கோட்பாட்டளவில் மிகச் சரியானது. பல வார்டுகளில் அது கூட்டக் குறிப்பேட்டோடு நின்றுபோவது வேறு கதை.

2021 அக்டோபரில் கொச்சி மாநகராட்சி ‘சம்ருத்தி’ உணவகத்தைத் திறந்தது. 10 ரூபாய்க்குச் சாப்பாடு. சமைப்பதும் பரிமாறுவதும் குடும்பஸ்ரீப் பெண்கள். விலை பின்னர் ஏறியது என்றாலும் ஏற்பாடு நிலைத்தது; சமைப்பவருக்கு அது பிழைப்பும் ஆனதே காரணம். ஆனால் அந்த உணவகம் திறக்கப்பட்டது எறணாகுளம் வடக்கில், பரமாரா சாலையில். மட்டாஞ்சேரிக் கிழவர் அங்கே போய்ச் சாப்பிட உப்பங்கழியைக் கடக்க வேண்டியிருந்தது. நகர மையம் எது என்பதை முடிவு செய்வோர் எந்தக் கரையில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கூரை விஷயத்தில் கதை இன்னும் நீளம். ஃபோர்ட் கொச்சியை அடுத்த துருத்தியில் மாநகராட்சி ஒன்றும் கொச்சின் ஸ்மார்ட் மிஷன் மற்றொன்றுமாகக் கட்டிய இரட்டை அடுக்குமாடிகள், ராஜீவ் ஆவாஸ் யோஜனா வீட்டுவசதித் திட்டக் காலத்துக் கனவு. 2025 செப்டம்பரில்தான் 394 குடும்பங்களுக்கென அவை திறக்கப்பட்டன. மின்தூக்கி பழுதானால் யார் பார்ப்பது, தண்ணீர்க் கட்டணத்தை யார் பிரிப்பது என்பவை இனி அந்தக் குடும்பங்களின் பாதுகாப்புப் பிரச்சினைகள். அவற்றை முடிவு செய்யும் சங்கம் குடியிருப்போரின் கையில் இருக்குமா என்பதே அக்கட்டடங்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும்.

சொந்தச் சங்கம் என்ன செய்யும் என்பதற்கு ஃபோர்ட் கொச்சி வேளியில் உள்ள சலவைத்துறை சான்று. காலனிய ஆட்சிக் காலத்தில் உடுப்பு வெளுக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அங்கே உழைக்கிறார்கள். 1976இல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டித்தந்த துறையை அவர்களுடைய வண்ணார் சங்கம் ஆள்கிறது. அரசு கல்லும் தண்ணீரும் தந்தது. ஒழுங்கைச் சங்கம் தந்தது.

அதே தமிழர்களில் அண்மையில் வந்தவர்களின் நிலை வேறு. வாத்துருத்தியின் நெருக்கமான வாடகை அறைகளில் தங்கி, விடியற்காலை கலூர் சந்திப்பில் கூலிக்காக நிற்பவருக்குச் சங்கம் இல்லை. பெரும்பாலோருக்கு இங்கே வாக்கும் இல்லை. வாக்கில்லாதவரைக் கவுன்சிலர் தேட வேண்டிய அவசியமில்லை. அயல்கூட்டமும் அவர் மனைவியை எளிதில் சேர்ப்பதில்லை. வில்லை வீசுவது நின்றிருக்கிறது. முண்டியடித்து வேலை பிடிப்பது நிற்கவில்லை. 2020 மார்ச் இறுதியில், கொரோனா ஊரடங்கின்போது, சமூகச் சமையலறைகள் கேரளமெங்கும் சோறு போட்டன, பெருமைக்குரிய செயல்தான். ஆனால் மார்ச் 29 அன்று கோட்டயம் மாவட்டம் பாயிப்பாட்டில் வெளிமாநிலத் தொழிலாளர் ஊர் திரும்ப வழி கேட்டும் உணவைக் குறைகூறியும் தெருவில் திரண்டார்கள். அவர்களை ‘அதிதி’ (விருந்தினர்) என்று அழைத்த அரசுக்கு அதிதியைக் கேட்டறியும் அவை எதுவும் இல்லாதிருந்தது.

தீர்வுக்குத் தொலைவு போக வேண்டாம். 2014ஆம் ஆண்டுத் தெரு வணிகர் சட்டம், நகர வணிகக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடங்கள் வணிகர்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்கு என்றும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றும் விதித்திருக்கிறது. ஜனமைத்ரி சமிதிக்கும் வார்டு ஜாக்ரதா சமிதிக்கும் இதே அளவு பொருந்த வேண்டும்: கூலித் தொழிலாளர், வெளியூர்த் தொழிலாளர், நடைபாதை வணிகர், துருத்தி போன்ற குடியிருப்புகளின் பெண்கள் ஆகியோர் தாமே தேர்ந்தெடுத்து அனுப்பும் 40 விழுக்காடு. சமிதிக் கூட்டத்தில் காவல் நிலையத்தின் மீதான புகாரையும் எழுப்பலாம் என்று விதியில் எழுதிவைக்க வேண்டும். இதைத் தொடங்க மட்டாஞ்சேரியைவிடப் பொருத்தமான இடம் கேரளத்தில் இல்லை. மாநகராட்சியும் உள்துறையும் முதல் சோதனையை இங்கேயே நடத்தட்டும்.