ஆடலாம், ஆட்டுவிக்கக் கூடாதா? – டிடியின் வாழ்வும் மரபும்

பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1888 மே 13இல். நாற்பது ஆண்டுகள் கழித்து, கரும்பு விளையும் கம்போஸ் நகரில் வால்டிர் பெரேரா என்ற கறுப்பினக் குழந்தை பிறந்தது. உலகம் அவரை டிடி என்று அறியும். சிறுவயதில் முழங்காலில் பட்ட அடி சீழ்பிடித்து, காலையே எடுக்க நேரும் என்ற நிலை வந்தது. அதிலிருந்து மீண்டு எழுந்தவர்தான் பின்னாளில் ‘உலர்ந்த இலை’ என்ற உதையால் புகழ்பெற்றார். உயரப் போகும் பந்து, கோலை நெருங்கியதும் இலை உதிர்வதுபோல் சட்டென்று இறங்கும். 1957இல் பெருவுக்கு எதிராக அவர் அப்படி அடித்த ஒரே கோல்தான் பிரேசிலை உலகக் கோப்பைக்கு அனுப்பியது.

அந்தக் கோப்பையின் பின்புலத்தை நாம் மறக்கலாகாது. 1950இல் சொந்த மண்ணில் உருகுவேயிடம் தோற்றபோது, பழி முழுவதும் கோல்காப்பாளர் பார்போசா உள்ளிட்ட கறுப்பின வீரர்கள்மீது சுமத்தப்பட்டது. கறுப்பர்களுக்கு மனஉறுதி போதாது என்று படித்தவர்களே பேசினர். 1958 இறுதிப் போட்டியில் சுவீடன் முதல் கோலை அடித்தது. டிடி பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பதற்றமே இல்லாமல் நடுக்களத்துக்கு நடந்தார். பிரேசில் 5–2 என்று வென்றது. தொடரின் சிறந்த வீரராக டிடியே தேர்வானார். எட்டு ஆண்டுப் பழிச்சொல்லுக்கு அந்த நிதான நடையே பதில்.

1962இல் இரண்டாம் முறை கோப்பை வென்ற டிடி, பின்னர் பெரு அணியின் பயிற்சியாளரானார். 1969இல் அர்ஜென்டினாவை அதன் மண்ணிலேயே 2–2 எனச் சமன்செய்து, அந்நாட்டை வெளியேற்றிப் பெருவை உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்றார். 1970 மே 31இல் பெருவைப் பெரும் நிலநடுக்கம் சிதைத்தது. இரண்டே நாளில், 0–2 என்று பின்தங்கியிருந்த அவருடைய அணி பல்கேரியாவை 3–2 என வென்றது. கியூபிலாஸ் என்ற கறுப்பின இளைஞர் உலக அரங்கில் ஒளிர்ந்ததும் அத்தொடரில்தான்.

காலிறுதியில் எதிரே பிரேசில். அதன் பயிற்சியாளர் சகாலோ, டிடியோடு இரண்டு கோப்பைகளை வென்ற வெள்ளையினத் தோழர். பெரு 2–4 எனத் தோற்றது. அன்று டிடி வேறொரு நாட்டின் பொறுப்பில் இருந்தார் என்பது உண்மைதான். ஆனால் அதன்பின் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். துருக்கியில் ஃபெனர்பாஷே அணிக்குத் தொடர்ந்து இரண்டு லீக் பட்டங்கள் பெற்றுத் தந்தார். பிரேசில் தேசிய அணியின் பயிற்சியாளர் நாற்காலி மட்டும் கடைசிவரை அவருக்கு வாய்க்கவில்லை.

சமூகவியல் மாணவர்கள் இதைத் தனிமனித வருத்தமாகக் குறுக்கிவிடக் கூடாது. ஒடுக்கப்பட்டவரின் உடலை அரங்கில் அனுமதிப்பதும், அவரது அறிவை அதிகாரத்தில் அமர்த்தத் தயங்குவதும் எல்லா ஏற்றத்தாழ்வுச் சமூகங்களுக்கும் பொதுவான இயல்பு. பல்வங்கர் பாலு இந்து அணிக்குப் பந்துவீசலாம், தலைவராக முடியாது என்ற வழக்கு நமக்கு அந்நியமானதல்ல. நீண்ட போராட்டத்துக்குப் பிறகே 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்கு அத்தலைமை கிடைத்தது.

டிடி 2001 மே 12இல் மறைந்தார். மறுநாள் அடிமைமுறை ஒழிப்பு நாள். சட்டம் சங்கிலியை அறுத்தது. நாற்காலியைத் தானாகக் கொண்டுவந்து தரவில்லை. ஆகவே நம் பிள்ளைகள் அணியில் இருக்கிறார்களா என்பதோடு நாம் நின்றுவிட வேண்டாம். அணியைத் தேர்ந்தெடுக்கும் மேசையில், பயிற்சியாளரை நியமிக்கும் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு களத்திலும் கேட்போம்.