கோர்வைக்கு உட்கார்ந்த பிள்ளைகள்: காஞ்சிபுரத்தில் பள்ளியும் பிழைப்பும்

காஞ்சிபுரத்துப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவான பழைய பணத்தில் ஒரு பங்கு, கோயிலுக்கென எழுதிவைத்த சொத்திலிருந்து வந்தது. சென்னைப் பட்டணத்தில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும் இருந்து பெருஞ்செல்வம் சேர்த்த பச்சையப்ப முதலியார் 1794இல் காலமானார். கோயில் பூசைக்கும் தர்மத்துக்கும் அவர் எழுதிவைத்த சொத்து பல ஆண்டுகள் வழக்கில் கிடந்தது. நீதிமன்றம் தலையிட்டு மீட்ட பிறகு, மிஞ்சிய தொகையைக் கல்விக்குத் திருப்பினார்கள். 1842இல் சென்னையில் ஒரு பள்ளி எழுந்தது. பின்னர் காஞ்சியிலும் பச்சையப்பன் பள்ளி வந்தது.

அந்தக் காஞ்சிப் பள்ளியில் படித்தவர் சி.என். அண்ணாதுரை. 1909இல் எளிய நெசவாளர் சமூகக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். வீட்டுக் கஷ்டத்தால் படிப்பை நடுவில் விட்டுவிட்டு நகராட்சி அலுவலகத்தில் கொஞ்ச காலம் எழுத்தராக வேலை பார்த்தார். பிறகுதான் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார். வருங்கால முதலமைச்சருக்கே படிப்பா பிழைப்பா என்ற கேள்வி வந்த ஊர் இது. தறியோரம் உட்கார்ந்த மற்றப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவும் ஆள் இருக்கவில்லை.

தறியோரம் பிள்ளைகள் ஏன் உட்கார்ந்தார்கள் என்பதற்குப் புடவையிலேயே விடை இருக்கிறது. காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி ஊடையில் நெய்து, இழைக்கு இழை கோத்துக்கொண்டே போக வேண்டும். இதற்கு மூன்று நாடா வேண்டும், இரண்டு ஆள் வேண்டும். குழியில் கால்விட்டு நெசவாளர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் உதவியாள் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரையின் நாடாவை வாங்கிப் போட வேண்டும். ஒரு வரி தவறினாலும் கரை பிசகும். நாள் முழுக்க இதே வேலை. ஒரு புடவை முடிய இரண்டு வாரம்கூட ஆகும்.

கூலி புடவைக்கு இவ்வளவு என்று நெசவாளர் கைக்கு வரும். பாவும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். உதவியாளுக்குக் கொடுப்பது நெசவாளரின் கூலியிலிருந்துதான் போக வேண்டும். பெரிய ஆளுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாத இடத்தில் சின்னப் பிள்ளையை உட்கார வைத்தார்கள். சொந்தப் பிள்ளை இல்லாவிட்டால், வேறொரு ஏழை வீட்டுக்கு முன்பணம் கொடுத்துப் பிள்ளையை அழைத்து வந்தார்கள். கல்யாணம், வைத்தியம் என்று வாங்கிய அந்தக் கடன் அடையும்வரை பிள்ளை தறியை விட்டு நகர முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடைசெய்த தொழில்களின் அட்டவணையில் நெசவும் இருந்தது. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடத்தும் பட்டறைக்கு விலக்கு உண்டு என்றது அதே சட்டம். தீப்பெட்டித் தொழிற்சாலை என்றால் ஆய்வாளர் வாசலில் போய் நிற்கலாம். காஞ்சியின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்திலோ தறி வீட்டுக்குள் இருக்கிறது; உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்பதை எப்படி நிரூபிப்பது? காஞ்சியில் இந்தச் சட்டம் பலகாலம் வாசற்படியோடு நின்றது என்றே சொல்ல வேண்டும்.

திருப்பம் சிவகாசியிலிருந்து வந்தது. அங்கே தீப்பெட்டி ஆலைகளில் வேலை செய்த பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு ஒரு வேலையை அரசு தேடித்தர வேண்டும், முடியாவிட்டால் அரசும் 5,000 ரூபாய் போட வேண்டும். பிள்ளையை மீட்பதும் பெற்றோரின் வருமானமும் ஒரே கணக்கு என்று நீதிமன்றம் புரிந்துகொண்டிருந்தது. நடைமுறையில் அந்த இரண்டாம் பாதியைத்தான் அதிகம் மறந்தார்கள்.

பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவரும் வேலையைத் தொண்டு நிறுவனங்கள் முன்பே தொடங்கியிருந்தன. ரைடு என்ற அமைப்பு 1980கள் முதல் காஞ்சி வட்டாரத்தில் தறிப் பிள்ளைகளுக்கு இணைப்புப் பள்ளி நடத்தியது. எழுத்து தெரியாத பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் கூச்சத்தில் ஓடிவிடும். கொஞ்ச காலம் தனியாகப் பயிற்றுவித்து, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பதுதான் இணைப்புப் பள்ளியின் வேலை. 1988இல் ஒன்பது மாவட்டங்களில் மத்திய அரசு தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளும் இதே வழியில் இயங்கின. பின்னர் காஞ்சிக்கும் வந்தன.

இருந்தும் சிக்கல் தீரவில்லை. பட்டுத்தொழிலில் சிக்கிய கொத்தடிமைச் சிறாரைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது.

அதற்குச் சற்று முன், 2002இல், சுவீடன் நாட்டினரின் துணையோடு ஹேண்ட் இன் ஹேண்ட் என்ற தொண்டு நிறுவனம் காஞ்சிபுரத்தில் தொடங்கியது. தறிப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவருவதே முதல் நோக்கம். பிள்ளை பள்ளிக்கு வந்தால் வீட்டில் கூலி குறைகிறது. கூலி குறைந்தால் பிள்ளை திரும்பவும் தறிக்குப் போகிறது. இதைப் பார்த்த பிறகு தாய்மார்களைச் சுய உதவிக் குழுக்களில் சேர்ப்பது, கடன் கொடுப்பது, தொழில் கற்றுத்தருவது என்று வேலை விரிந்தது. கல்பனா சங்கர் முன்னின்று நடத்த, ஏபிபி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் பெர்சி பார்னெவிக் பெரும் ஆதரவு தந்தார். 1989இல் தர்மபுரியில் வேர்விட்டு, மகளிர் திட்டமாகத் தமிழகமெங்கும் பரவியிருந்த சுய உதவிக் குழு இயக்கம் இதற்கு நிலத்தைப் பக்குவமாக்கி வைத்திருந்தது. முன்பணத்துக்கு முதலாளி வீட்டு வாசலில் நின்ற தாய்க்குக் குழுக் கடன் என்ற இன்னொரு கதவு திறந்தது. ஆய்வாளர்களின் நூறு சோதனைகளைவிட இது பெரிய அடி.

பிள்ளைகள் தறியிலிருந்து பள்ளிக்கு நகர்ந்த மாற்றத்தில் தொழிற்சாலைகளுக்கும் பங்கு உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. கம்பெனிப் பேருந்து ஊருக்குள் வந்து ஆள் ஏற்றத் தொடங்கியதும், பத்தாம் வகுப்பு, ஐடிஐ சான்றிதழுக்கு மாதச் சம்பளம் என்ற மதிப்பு வந்தது. பிள்ளையைப் படிக்க வைத்தால் என்ன கிடைக்கும் என்ற பெற்றோரின் கேள்விக்குக் கண்ணெதிரே விடை கிடைத்தது. அந்த வேலையும் நிலையாக இல்லை என்பதை 2014 நவம்பரில் மூடிய நோக்கியா ஆலை காட்டியது.

2010இல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தத் தடைவிதித்தது; ஆனாலும் பள்ளி நேரம் போக, விடுமுறையில், குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று பழைய ஓட்டையையே வேறு பெயரில் திறந்துவைத்தது. 2023 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகையைத் தமிழக அரசு காஞ்சிபுரத்திலேயே தொடங்கியது. உதவி பிள்ளையிடமிருந்து தாயின் கணக்குக்கு நகர்ந்த நெடும்பாதையில் இதுவும் ஒரு கட்டம்.

ஆனால் கோர்வைக்கு இன்றும் இரண்டு ஆள் வேண்டும். பிள்ளை எழுந்துபோன பலகையில் இப்போது பெரும்பாலும் மனைவி உட்கார்ந்திருக்கிறார். அவர் உழைப்பும் கணவரின் புடவைக் கூலிக்குள் கரைந்துபோகிறது. நெசவாளர் வீட்டு இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வரத் தயங்குவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். உதவியாளின் கூலியைப் புடவைக் கூலியிலிருந்து பிரித்து, அவர் பெயரிலேயே வங்கியில் போடுவதைக் காஞ்சியின் கூட்டுறவுச் சங்கங்கள் முதலில் தொடங்கட்டும். தனியார் முதலாளிகளிடம் அதன் பிறகு கேட்கலாம்.