துப்பாக்கிக்குப் பதில் கேமரா: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் தேவாங்கு

வனவிலங்கு போட்டோன்னாலே நம்மாளுங்களுக்கு ஆப்பிரிக்கா, சிங்கம், நேஷனல் ஜியாக்ரபிக்தான் ஞாபகம் வரும். சரி, அங்கேருந்தே ஆரம்பிப்போம்.

1906 ஜூலை இதழில் அந்தப் பத்திரிகை ஜார்ஜ் ஷிராஸ் என்கிற அமெரிக்கர் எடுத்த 74 படங்களைப் போட்டது. ராத்திரி ஏரியில் படகில் போய், விளக்கு வெளிச்சத்தில் மான் கண்ணு மின்னுற இடம் பார்த்து, மக்னீசியப் பொடியைக் கொளுத்தி எடுத்த படங்களும் அதில் உண்டு. இந்த டெக்னிக் அவர் சொந்தமாகக் கண்டுபிடிச்சது இல்லை. வேட்டைக்காரங்க வழக்கம். ஷிராஸும் முதலில் வேட்டைக்காரர்தான். எங்க திண்டுக்கல் பக்கம் நெத்தியில் பேட்டரி லைட்டைக் கட்டிக்கிட்டு முயலுக்குப் போறதைக் கேள்விப்பட்டவங்களுக்கு இது டக்குனு புரியும். வெளிச்சம் பட்டா முயல் திகைச்சு நின்னுடும். அவ்ளோதான் கதை.

இந்தியாவில் எஃப்.டபிள்யூ. சாம்பியன். ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரி. புலி நடக்கிற தடத்தில் கம்பி கட்டி, அது கால் பட்டதும் தன்னைத் தானே படம் எடுத்துக்கிற மாதிரி செட்டப் பண்ணினார். 1927ல் 'வித் எ கேமரா இன் டைகர் லேண்ட்' புத்தகம் வந்தது. புலியைச் சுட்டு அது மேல காலை வெச்சுப் போஸ் குடுக்கிறது பெருமையா இருந்த காலம் அது! இன்னைக்குப் புலிக் கணக்கெடுப்புக்கு வைக்கிற தானியங்கி கேமராவுக்கு அந்தக் கம்பி தாத்தா முறை.

இப்ப நம்ம ஊர்க்காரர். மா. கிருஷ்ணன் (1912-1996). திருநெல்வேலியில் பிறந்தவர், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950லிருந்து சாகும் வரைக்கும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றி விடாம எழுதினார். 46 வருஷம்! நாமெல்லாம் மூணு மாசம் தொடர்ந்து எழுதினாலே கை வலிக்குது :-)

அவர் கேமரா ஒரு கதம்பம். ஒரு கம்பெனி பாடி, இன்னொரு கம்பெனி லென்ஸ், மிச்சமெல்லாம் சொந்தக் கைவேலை. 'சூப்பர் பாண்டரோசா'ன்னு பேர் வேற. கலர் பிலிம் வந்த பிறகும் கறுப்பு வெள்ளையை விடலை. நடந்தும், யானை மேல உட்கார்ந்தும் காட்டுக்குள்ள போய் எடுத்தார். அவருக்குப் படம் சுவத்தில் மாட்டுற பரிசு இல்லை, எழுதுகிற குறிப்போட இன்னொரு பாதி. விலங்கு அதோட இடத்தில், அது பாட்டுக்கு என்ன செய்யுதுன்னு காட்டணும். பத்மஸ்ரீயும் வந்தது.

இதை எதுக்குச் சொல்றேன்னா, எங்க ஊர்த் தேவாங்குக்காக.

அய்யலூர், கடவூர் பக்கத்துக் காய்ஞ்ச காடுகளில் இருக்கு. கால் கிலோ சொச்சம்தான் எடை, மூஞ்சி முழுக்கக் கண்ணு. ராத்திரி பூச்சி பிடிச்சுத் தின்னும், அதனால விவசாயிக்கு லாபம். ஆனா மாந்திரீகம், மருந்துன்னு பிடிச்சுக் கொன்னவங்கதான் ஜாஸ்தி. 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை கடவூர் தேவாங்கு சரணாலயமா அரசு அறிவிச்சது. நாட்டிலேயே தேவாங்குக்கு முதல் சரணாலயம்.

சந்தோஷம்தான். ஆனா பேர் பரவினா கேமராவும் வரும். அந்தக் கண்ணு இருட்டுக்குன்னே அமைஞ்சது. ஆராய்ச்சிக்காரங்க மங்கலான சிவப்பு வெளிச்சத்தில்தான் அதைத் தேடுறாங்க. பத்து பேர் சுத்தி நின்னு பளீர் பளீர்னு ஃப்ளாஷ் அடிச்சா, அது இரை தேடுற நேரம் போச்சு. ஷிராஸ் துப்பாக்கியைக் கீழே வெச்சார் சரி, விளக்கை வைக்கலையே. முயலுக்கும் தேவாங்குக்கும் அந்த விளக்கு ஒண்ணுதான்.

சரணாலயப் பக்கம் போற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பகலில் காட்டை எடுங்க, முள்ளுமரத்தை எடுங்க, அந்தப் பாறைக் குன்றுகளை எடுங்க. தேவாங்கு கண்ணில் பட்டா, ஃப்ளாஷ் இல்லாம ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு வந்து எழுதுங்க. படம் இல்லைன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டோம்.