கற்கோயில் ஆய்வில் லேசர்: கொடும்பாளூரை முன்வைத்து

கற்கோயில் ஆய்வில் லேசர் மூன்று வேலைகளுக்குப் பயன்படுகிறது: கட்டடத்தின் வடிவத்தை அளப்பது, கல்லிலும் வண்ணத்திலும் என்னென்ன பொருள்கள் கலந்துள்ளன என்று அறிவது, மேலே படிந்த அழுக்கை நீக்குவது. முதல் வேலைக்கு ஒளி கல்லில் பட்டுத் திரும்பினால் போதும். இரண்டாவதில் அது பொருளின் மூலக்கூறுகளையோ அணுக்களையோ தூண்ட வேண்டும். மூன்றாவதில் படிந்ததைப் பெயர்த்தெறிய வேண்டும். அமெரிக்காவின் தியோடர் மைமன் 1960 மே 16 அன்று முதல் லேசரை இயக்கினார்; அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் லேசர் வெனிஸ் நகரச் சிலைகளின் முன்னால் வந்து நின்றுவிட்டது. புதுக்கோட்டை மாவட்டம் கொடும்பாளூரில் இந்த மூன்று வேலைகளுக்கும் உரிய சிக்கல்கள் ஒரே வளாகத்தில் கிடைப்பதால், அவ்வூர்க் கோயில்களைக் கொண்டே இங்கு விளக்கம் தரப்படுகிறது.

இடமும் கட்டடங்களும்

கொடும்பாளூர் திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில், விராலிமலைக்குத் தெற்கே உள்ளது. மதுரைக்குப் போகும் வழி மூன்றாகப் பிரியும் இடமாக இவ்வூர்க் குளக்கரையைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. அறுபத்து மூவருள் ஒருவரான இடங்கழி நாயனாரின் ஊர் இது. சோழர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்து, அவர்களுக்காகப் போரும் செய்த இருக்குவேளிரின் தலைநகராகவும் இருந்தது.

மூவர் கோயில் என்பது பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் எடுப்பித்தது. தன் பெயரில் ஒன்று, மனைவியர் கற்றளி, வரகுணை பெயர்களில் ஒவ்வொன்று என மூன்று விமானங்கள் மேற்கு நோக்கி, தெற்கு வடக்காக வரிசையில் நின்றன. நடு விமானமும் தென் விமானமும் இன்றும் இருக்கின்றன. வட விமானத்துக்கு அதிட்டானம் மட்டுமே மிச்சம். சற்றுத் தொலைவில் ஐவர் கோயிலின் அடித்தளம் கிடக்கிறது. முசுகுந்தேசுவரர் கோயில் தனியே உள்ளது. மூவர் கோயிலிலிருந்து பெயர்ந்த சிற்பங்களில் சில புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.

நடு விமானத்தின் தென்சுவரில் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. இருக்குவேளிர் குலவரிசையையும், மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகச் சைவத் துறவிக்கு மடம் கொடுத்த செய்தியையும் சொல்வது அதுதான். அதன் தொடக்கப் பகுதி போய்விட்டது. பூதி விக்கிரமகேசரி முதலாம் ஆதித்த சோழன் காலத்தவரா, சுந்தர சோழன் காலத்தவரா என்ற வழக்கு அறிஞர்களுக்குள் நெடுநாள் நடந்தது. கோயிலின் வயது அதற்கேற்ப 9ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் இடையே ஊசலாடும். லேசர் ஸ்கேன் இந்த வழக்கைத் தீர்க்காது. அது எழுத்தின் பள்ளத்தைக் காட்டும். எழுத்தமைதியை வைத்துக் காலத்தைச் சொல்ல வேண்டியவர் கல்வெட்டறிஞரே.

வடிவத்தை அளத்தல்

ஒளி ஒரு நானோ வினாடியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் போகும். கருவியிலிருந்து கிளம்பிய துடிப்பு சுவரில் பட்டுத் திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தைப் பாதியாக்கி ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான், கடிகாரம்தான் கடினம். 3 மில்லிமீட்டர் வேறுபாட்டைப் பிடிக்க வேண்டுமானால் 20 பிக்கோ வினாடியைப் பிரித்தறிய வேண்டும், அதாவது ஒரு வினாடியில் ஐயாயிரம் கோடியில் ஒரு பங்கு. ஆகையால் பல ஸ்கேனர்கள் துடிப்பை அனுப்பி நேரம் பார்ப்பதற்குப் பதிலாக, ஏற்ற இறக்கமுள்ள தொடர் ஒளியை அனுப்பி, போன அலைக்கும் வந்த அலைக்கும் உள்ள கட்ட வேறுபாட்டை அளக்கின்றன. சுழலும் ஆடி இந்தக் கதிரை எல்லாத் திசைகளிலும் வீசும். இன்றைய கருவிகள் வினாடிக்குப் பத்து லட்சம் புள்ளிகளுக்கு மேலும் எடுக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று ஆயங்கள். எல்லாம் சேர்ந்தது புள்ளித்திரள்.

மூவர் கோயிலில் ஒவ்வொரு விமானமும் அடியில் சுமார் 21 அடிச் சதுரம். இடைவெளி சுமார் 10 அடி. இந்தச் சந்தில் முக்காலியை நிறுத்தினால் ஸ்கேனர் அண்ணாந்து பார்க்கும். கபோதம் என்னும் வளைந்த கூரை விளிம்பின் அடிப்பகுதியும் அதன் கீழுள்ள பூதவரியும் நன்றாக விழும்; கபோதத்தின் மேற்பரப்பும் அதற்கு மேலுள்ள யாளிவரியின் பின்புறமும் விழாது. தேவகோட்டத்துச் சிலையின் காது மடலுக்குப் பின்னாலும், மடித்த கைக்கும் விலாவுக்கும் இடையிலும் கறுப்புப் பொத்தல்கள் விழும். ஆகவே பல நிலைகளில் நிறுத்தி எடுத்து, பொதுவான குறிகளைக் கொண்டு ஒன்றோடொன்று ஒட்டுகிறார்கள். மேற்பகுதிக்கு டிரோன் படங்களைச் சேர்ப்பார்கள். பிழை பெரும்பாலும் லேசரில் இல்லை, இந்த ஒட்டு வேலையில்தான் புகுகிறது.

கல்லும் சும்மா இருப்பதில்லை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழு 1999இல் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையைக் கால் மில்லிமீட்டர் நுணுக்கத்தில் ஸ்கேன் செய்தபோது, ஒளி சலவைக்கல்லுக்குள் கொஞ்சம் புகுந்து கலங்கித் திரும்புவதைக் கண்டது. கருங்கல்லில் தொல்லை வேறு வகை: குவார்ட்சு மணிகள் ஒளியை உள்ளே வாங்குகின்றன, மைக்காத் தகடுகள் கண்ணாடிபோல் எறிகின்றன. சமமான சுவர்கூடப் புள்ளித்திரளில் சொரசொரப்பாகத் தெரியும். பெரிய அளவுகளுக்கு இது பொருட்டல்ல. சில மில்லிமீட்டர் ஆழமே வெட்டிய கிரந்த எழுத்துக்கு இது பெரிய இடைஞ்சல்.

எனவே கல்வெட்டுக்குத் தூர ஸ்கேனர் உதவாது. அருகில் வைத்து முக்கோண முறையில் அளக்கும் ஸ்கேனர் வேண்டும். ஒரு லேசர் கோட்டைச் சுவரில் வீழ்த்தி, பக்கத்திலிருந்து கேமரா அக்கோட்டின் வளைவைப் பார்க்கும். நுணுக்கம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை வரும். கல்வெட்டுத் துறையினர் நூறாண்டுக்கு மேலாகச் செய்துவரும் மைப்படியோடு இதை ஒப்பிட வேண்டும். ஈரத்தாளைச் சுவரில் ஒற்றி, தூரிகையால் அடித்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, மை தோய்த்த உருண்டையால் தட்டி எடுப்பது மைப்படி. அது மலிவு, அசல் அளவில் இருக்கும், கணினி கேட்காது. ஆனால் பொரிந்துபோன கல்லில் தாளை அடிப்பதே ஆபத்து. அரித்த எழுத்தும் வெறும் சிராய்ப்பும் படியில் ஒரேமாதிரி வெள்ளையாக விழும். ஸ்கேனில் பள்ளத்தின் அடி உளி வெட்டியதா, மழை தின்றதா என்று குறுக்குவெட்டாகப் பார்க்கலாம். முன்பு எடுத்த மைப்படி கையில் இருந்தால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இடைப்பட்ட காலத்தில் எந்த எழுத்துகள் தேய்ந்தன என்றும் காணலாம். என் மதிப்பில் கொடும்பாளூருக்கு லேசரால் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பயன் அதுவே.

ஸ்கேன் எப்போது கைகொடுக்கும் என்பதற்குப் பாரீசின் நோத்ர தாம் தேவாலயம் நல்ல சான்று. கலை வரலாற்றாளர் ஆண்ட்ரூ டாலன் 2010இல் அதை நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளில் பதிந்து வைத்தார். 2018இல் அவர் இறந்தார். 2019 ஏப்ரல் 15 அன்று தேவாலயம் எரிந்தது. மீட்புப் பணிக்கு அவருடைய பதிவு உதவியது. இந்தியாவில் குஜராத்தின் பாட்டனில் உள்ள ராணி கி வாவ் படிக்கிணறு 2011இல் ஸ்காட்லாந்துக் குழுவின் துணையோடு ஸ்கேன் செய்யப்பட்டது. 2014இல் அது யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

கொடும்பாளூரின் வட விமானத்துக்கு இனி ஸ்கேன் செய்ய அதிட்டானத்தைத் தவிர ஒன்றுமில்லை. நடு, தென் விமானங்களின் அளவுகளைக் கொண்டும் சிதறிய உறுப்புகளைக் கொண்டும் கணினியில் ஒரு வடிவத்தை எழுப்பலாம். அது ஊகம் என்று படத்திலேயே வேறு நிறத்தில் காட்டாவிட்டால், பத்தாண்டில் யாராவது அதை உண்மை என்று புத்தகத்தில் போட்டுவிடுவார்கள்.

வானிலிருந்து லேசர் கதிரை வீசித் தரையை அளக்கும் லைடார் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அது மண்ணுக்குள் பார்ப்பதில்லை. பெலீசின் கரகோலிலும் (2009) கம்போடியாவின் அங்கோரிலும் (2012) அது காட்டு இலைகளின் இடுக்கு வழியே தரைக்குப் போய், தரையின் மேடு பள்ளங்களைக் காட்டியது. கொடும்பாளூரின் திறந்த வறண்ட நிலத்தில் அந்த இடையூறு குறைவு. புதைந்த சுவர் மேலே சிறு மேடாகத் தெரிந்தால் சிக்கும், தெரியாவிட்டால் சிக்காது.

சாலிடானும் தூரமும்

அண்மைய லேசர் இயற்பியலில் தூர அளவை எட்டியிருக்கும் இடம் கோயில் வேலைக்கு வேண்டியதைவிட வெகு தூரம் முன்னே. ஒரே லேசரிலிருந்து சம இடைவெளியில் ஆயிரக்கணக்கான நிறங்களை எழுப்பும் அதிர்வெண் சீப்புக்காக இயற்பியலாளர்கள் ஹென்ஷும் ஹாலும் 2005இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 2014இல் லோசான் ஆய்வாளர்கள் அச்சீப்பை மிகச் சிறிய ஒத்ததிர்விக்குள், உருக்குலையாமல் சுற்றிவரும் சாலிடான் துடிப்பாக உண்டாக்கினர். 2018இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ குழு அத்தகைய இரண்டு சீப்புகளைக் கொண்டு, வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் பறக்கும் குண்டின் மேற்பரப்பை அளந்து காட்டியது. வினாடிக்குப் பத்துக் கோடி அளவீடுகள். துல்லியம் 12 நானோமீட்டர் வரை.

கொடும்பாளூருக்கு வடக்கே திருச்சியில் சாலிடான் ஆய்வு இதற்கு முன்பே நடந்திருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் மு. லட்சுமணன், ஆர். இராதாகிருஷ்ணன் இருவரும் பின்லாந்தின் ஹியட்டரிண்டாவோடு 1997இல் வெளியிட்ட ஆய்வு, இரு கூறுகள் கொண்ட ஒளிச் சாலிடான்கள் ஒளியிழையில் மோதும்போது ஆற்றலைக் கைமாற்றிக்கொள்ள முடியும் என்று கணிதத்தால் நிறுவியது. மோதினாலும் மாறாமல் போவதே சாலிடானின் அடையாளம் என்று கருதப்பட்டதால் இது உலகெங்கும் கவனம் பெற்றது. இன்றைய சீப்புச் சாலிடான் ஆற்றலை இழந்து ஆற்றலைப் பெறும் வேறு வகை. திருச்சி ஆய்வின் நேர் வாரிசு என்று சொல்ல முடியாது, ஒரே குலம்.

கல்லையும் வண்ணத்தையும் அறிதல்

இங்கும் திருச்சியைத் தொடாமல் போக முடியாது. திருவானைக்காவில் பிறந்த சி. வி. இராமன், கே. எஸ். கிருஷ்ணனோடு 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் கண்ட விளைவு: பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் கோடியில் ஓர் ஒளித்துகள் அளவுக்கு நிறம் மாறி வருகிறது, அந்த மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடுகிறது. லேசர் வருவதற்கு முன் பாதரச விளக்கை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தட்டில் பதிவார்கள். ஒரே நிறத்தில் அடர்த்தியாக ஒளி தரும் லேசர் கிடைத்ததும் அது நிமிட வேலையாகி, இன்று கையில் தூக்கிச் செல்லும் கருவியாகிவிட்டது.

இதன் பயன் கொடும்பாளூரைவிட அதே மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்கே அதிகம். அங்குள்ள ஓவியங்களின் வண்ணங்களையும் சாந்தையும் சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் ஆராய்ந்தார். அதற்கு ஓவியத்திலிருந்து கொஞ்சம் சுரண்டியெடுத்தாக வேண்டும். இராமன் கருவிக்குச் சுரண்டத் தேவையில்லை. சில மில்லிவாட்டுக்கு மேல் போனால் சில நிறமிகள் கருகும் என்பதால் ஒளியை அடக்கி வைக்க வேண்டும், அவ்வளவே. பழைய ஓவியத்தின் மேல் பூசிய அரக்கும் மெழுகும் லேசர் பட்டு ஒளிர்ந்து, மெலிந்த இராமன் குறியை மூழ்கடிப்பது மற்றொரு தொல்லை.

தனிமங்களை அறிய லிப்ஸ் என்ற முறை இருக்கிறது. லேசர் துடிப்பு ஒரு நுண்புள்ளியை ஆவியாக்கிப் பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள பிளாஸ்மாவாக்கும். அது குளிரும்போது உமிழும் நிறங்களில் தனிமங்கள் தெரியும். பெங்களூரு மின்னொளியியல் ஆய்வகம் செய்த லிப்ஸ் கருவி சந்திரயான்-3இன் ஊர்தியில் போய், 2023 ஆகஸ்டில் நிலவின் தென்துருவப் பகுதி மண்ணில் கந்தகம் இருப்பதை உறுதிசெய்தது. கோயிலில் அதைப் பயன்படுத்தினால் கண்ணுக்குத் தெரியாத குழி ஒன்று விழும். நிலவில் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.

சுத்தம் செய்தல்

அமெரிக்க இயற்பியலாளர் ஜான் ஆஸ்மஸ் 1972இல் வெனிசுக்குப் போனது சிலைகளை முப்பரிமாணப் படமெடுக்க. போன இடத்தில், சலவைக்கல்லின் மேலிருந்த கரும்படலம் லேசர் பட்டுப் பெயர்வதைப் பார்த்தார். கறுப்பு ஒளியை விழுங்கிச் சூடேறித் தெறிக்கிறது. அடியிலுள்ள வெள்ளைக் கல் ஒளியைத் திருப்பிவிடுகிறது. வெள்ளை வந்ததும் வேலை தானாக நின்றுவிடும். ஏதென்சின் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் கரியாட்டிட் பெண் சிலைகளை, கிரீட் தீவின் ஆய்வு நிறுவனம் வடிவமைத்த இருநிற லேசரால் 2011 முதல் மக்கள் பார்க்கவே சுத்தம் செய்தனர். அகச்சிவப்பு மட்டும் பட்டால் கல் மஞ்சளாகத் தெரிகிறது என்பதால் புற ஊதாவையும் கலந்தனர்.

இந்த வெற்றியை அப்படியே நம் கோயில்களுக்குத் தூக்கிவர முடியாது. கருங்கல் ஒரே நிறக் கல் அல்ல. அதிலுள்ள பயோடைட் என்ற கறுப்பு மைக்கா, அழுக்கைப் போலவே ஒளியை விழுங்கும். ஸ்பெயினின் வீகோ பல்கலைக்கழகத்தினர் கிரானைட்டில் செய்த சோதனைகளில், பக்கத்துக் குவார்ட்சுக்கு ஒன்றும் ஆகாதபோதே பயோடைட் தகடுகள் உருகின. உருப்பெருக்கியில் பார்த்தால் தகட்டின் அடுக்குகள் மழுங்கி, சிறு குமிழ்களாகியிருக்கும். தானாக நிற்கும் என்ற விதி இங்கே உடைகிறது. வெப்பம் பரவுவதற்குள் முடிந்துவிடும் பெம்டோ வினாடித் துடிப்புகள் ஒரு வழி. இயற்பியலாளர்கள் ஸ்டிரிக்லாண்டும் மூருவும் 1985இல் கண்ட, 2018இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற துடிப்பு நீட்டிப் பெருக்கும் உத்தி இல்லாமல் அத்தகைய வலிமையான துடிப்புகள் எளிதில் கிடைத்திருக்காது. ஆனால் ஒரு விமானம் முழுவதையும் அதனால் சுத்தம் செய்வது இன்றைய வேகத்தில் கட்டுப்படியாகாது. கல்வெட்டுப் பகுதி, சிற்பத்தின் முகம் போன்ற சில சதுர அடிகளுக்கு அது ஏற்கும். தமிழகக் கோயில்களில் மணலை வேகமாக வீசிச் சுத்தம் செய்ததில் எழுத்துகளின் விளிம்புகள் மழுங்கிய இடங்கள் உண்டு. அதைவிட ஆயிரம் மடங்கு மெதுவான முறையே மேல்.

எளிய கருவிகள்

2020 முதல் சில ஐபேட், ஐபோன்களில் சிறு லைடார் வருகிறது. ஐந்து மீட்டர் வரை பார்க்கும். பிழை சென்டிமீட்டர் கணக்கில் இருக்கும். வயலோரத்து நடுகல்லையும் விழுந்து கிடக்கும் தூண் துண்டையும் இடத்தோடு பதிந்து வைக்க அது போதும், எழுத்தைப் படிக்கப் போதாது. மூவர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், அங்கே முக்காலி போட்டு ஸ்கேன் செய்யவோ டிரோன் பறக்கவிடவோ அத்துறையின் அனுமதி முன்கூட்டியே பெற வேண்டும்.