மகாவீராசாரியாரும் சர்வசம முக்கோணமும்

பள்ளியிறுதியோடு படிப்பை விட்டுக் கடைக்கு வந்தவன் நான். கணிதம் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் தமிழர் கூட்டம் ஒன்றில், "முக்கோணங்களின் சர்வசமத்தை எங்கள் மகாவீராசாரியார் அன்றே நிறுவிவிட்டார்" என்று பேசிவிட்டேன். கைதட்டலும் கிடைத்தது. முடிந்ததும் இளம் ஆசிரியை ஒருவர் வந்து, "ஐயா, எந்தச் சுலோகம்?" என்றார். விழித்தேன். அன்றிரவே, ரங்காசாரியார் 1912-இல் சென்னையில் பதிப்பித்த கணித சார சங்கிரகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

9-ஆம் நூற்றாண்டு நூல். இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தது. நாம் 'முக்கோணம்' என்று மூலையை எண்ணிச் சொல்கிறோம். ஆசாரியார் 'திரிபுஜம்' என்று கையை எண்ணுகிறார். சமம், துவிசமம், விஷமம் என்று அவர் வகுப்பதும் பக்கங்களை வைத்தே. கோணத்தை அளந்து பேசும் வழக்கம் அங்கே இல்லை. ஆகவே நம் பேரப்பிள்ளைகள் ஒப்பிக்கிறார்களே, ப-கோ-ப, கோ-ப-கோ என்று, அதற்கு இடமே கிடையாது. ஒரு முக்கோணத்தை இன்னொன்றின்மேல் வைத்துப் பொருந்துகிறதா என்று காட்டுவது யூக்ளிட் வழி. அவர் நூலை ஜெய்சிங் மன்னருக்காக ஜகந்நாத சாம்ராட் அரபியிலிருந்து வடமொழியாக்கியது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 'சர்வசமம்' என்ற சொல்லின் வடமொழிச் சாயலைப் பார்த்து, பழைய நூலிலும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். இலங்கைப் பாடநூல்களில் இதையே 'ஒருங்கிசைவு' என்கிறார்கள். அதைப் படித்து வளர்ந்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டேன்!

மிஞ்சுவது ப-ப-ப. மூன்று பக்கமும் தெரிந்தால் பரப்புக் காணும் விதி ஆசாரியாரிடம் உண்டு. பக்கங்கள் 13, 14, 15 என்றால் கூட்டலில் பாதி 21. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 8, 7, 6. நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 84. மூன்று பக்கத்துக்கு முக்கோணம் ஒன்றே என்று நிறுவாமலே, நம்பிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நம்பிக்கை சரிதான்.

வம்பு அடுத்த அடியில் வருகிறது. இதே விதியை நாற்கரத்துக்கும் சொல்லிவிடுகிறார். என் கடையில் இரும்பு ரேக் ஒன்று, பக்கத்துக்கு 5 அடி, போல்ட் தளர்ந்து சாய்ந்தது. சதுரமாக நின்றபோது பரப்பு 25 சதுர அடி. சாய்ந்து மூலைவிட்டங்கள் 8 அடி, 6 அடி என்று ஆனால் 24 தான். பக்கம் எதுவும் மாறவில்லை. விதியோ இரண்டுக்கும் 25 என்றே சொல்லும். நான்கு மூலையும் ஒரே வட்டத்தில் அமைந்தால் மட்டுமே அந்த விதி செல்லும். பாஸ்கராசாரியார் லீலாவதியில் (1150) இதைச் சரியாகப் பிடித்தார். மூலைவிட்டமோ குத்துயரமோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவனைப் பிசாசு என்றே ஏசுகிறார். விடை சொல்கிறவனுக்கு இன்னும் கூடுதல் ஏச்சு.

எங்கள் ஆசாரியாரைக் குறை சொல்ல மனம் கூசத்தான் செய்கிறது. ரேக்குக்கு வந்த ஃபிட்டர் பையன் ஒன்றும் பேசவில்லை. மூலைக்கு மூலை குறுக்குப் பட்டை ஒன்றை வைத்து முடுக்கினான். இரண்டு முக்கோணமாயிற்று, ஆட்டம் நின்றது.

அந்த ஆசிரியை இந்த மலரைப் பார்ப்பார் என்று நம்புகிறேன். சுலோகம் கிடைக்கவில்லை, அம்மா.