பெயர்க்கல் இல்லாத இரண்டாயிரம் பேர்

கலிஃபோர்னியாவின் சான் ஹுவான் கபிஸ்ட்ரானோ மிஷனில் ஆண்டுதோறும் மார்ச் 19 அன்று மணியடித்துக் கொண்டாடுகிறார்கள். அர்ஜென்டினாவிலிருந்து தகைவிலான் குருவிகள் திரும்பும் நாளாம். (பறவை தேதி பார்த்தா வரும்?)

நாம் கேட்பது அங்குள்ள இடுகாட்டைப் பற்றி. 2,000க்கும் மேற்பட்டோர் பெயர்க்கல் இல்லாமல் கிடக்கிறார்கள். பெரும்பாலோர் அந்த மண்ணின் அஹாச்சமென் மக்கள். 1776இல் ஸ்பானியப் பாதிரியார் ஹுனிபெரோ செரா நிறுவிய மிஷன், அவர்கள் உழைப்பில் எழுந்தது. ஞானஸ்நானம் பெற்றவர் விருப்பம்போல் வெளியேற முடியாது. தப்பியோடிச் சிக்கினால் சவுக்கடி. 1812 டிசம்பர் 8 நிலநடுக்கத்தில் கற்கோயில் இடிந்து, பூசையிலிருந்த சுமார் 40 பேர் மாண்டனர். குருவிகள் பின்னாளில் சேற்றுக்கூடு கட்டியது அந்த இடிபாட்டில்தான்.

செராவுக்கு 2015இல் புனிதர் பட்டம் கிடைத்தது. வழித்தோன்றல்களைப் பழங்குடியாக அங்கீகரிக்க அமெரிக்க அரசு 2011இல் மறுத்துவிட்டது.