செயற்கைக்கோளுக்கும் ஒரு கவுண்ட்டர் வேண்டும்



செல்போனில் ஒரு நீலப் புள்ளி நாம் நிற்கும் இடத்தைக் காட்டுவதை இப்போது யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. கூரியர் கொண்டுவரும் பையன் முதல் 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வரை அதை நம்பித்தான் வருகிறார்கள். இதற்கான செயற்கைக்கோள்களைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வந்துவிட்டது. வங்கிக் கவுண்ட்டரிலேயே வேலைக்காலத்தைக் கழித்தவன் என்பதால் எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது. இந்தச் சேவையில் கோளாறு வந்தால் சாதாரண மனிதனுக்கு யார் சொல்வார்கள்? அவன் யாரிடம் போய்க் கேட்பான்? இந்தக் கட்டுரை அந்தக் கவுண்ட்டரின் வரலாறு.

முதலில் இது வேலை செய்யும் விதம். நம் ஊர்ப் பெயரை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஒரு செயற்கைக்கோளின் சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து, நாம் அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று கருவி கணக்கிடுகிறது. மூன்று கோள்களின் தூரங்கள் கூடுகிற இடமே நாம் நிற்கும் இடம். அதுவும் ஒரு முக்கூடல்தான். நம் கருவியிலுள்ள சாதாரணக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள நான்காவது கோள் ஒன்று தேவை. ரேடியோ அலை ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் 300 மீட்டர் போய்விடும். கடிகாரம் அந்த அளவு பிசகினாலே கணக்கு 300 மீட்டர் தவறிவிடும். அதனால்தான் ஒவ்வொரு கோளிலும் அணுக் கடிகாரம் வைக்கிறார்கள்.

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவம் தனக்காக உருவாக்கியது. 1983 செப்டம்பர் 1 அன்று வழி தவறிச் சோவியத் எல்லைக்குள் போன கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அதே மாதம் அதிபர் ரீகனின் அரசு, ஜி.பி.எஸ். தயாரானதும் பொதுமக்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. ஆனாலும் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து கொடுத்தார்கள். சுமார் 100 மீட்டர் வரை தவறு இருக்கும். 2000 மே மாதத் தொடக்கத்தில்தான் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். அதன்பிறகே காரிலும் படகிலும் நம்பி வைக்கும் பொருளாக அது மாறியது.

இலவசம் என்று அறிவித்தால் மட்டும் போதாது, பயன்படுத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லவும் ஆள் வேண்டும். அந்தப் பொறுப்பை அமெரிக்கா தன் கடலோரக் காவல்படையிடம் கொடுத்தது. வர்ஜீனியா மாநிலத்தில் அலெக்சாண்ட்ரியா என்ற ஊரிலுள்ள அவர்களுடைய வழிகாட்டு மையம் இரவு பகலாக இயங்குகிறது. விமானத் துறைக்குத் தனி ஏற்பாடு உண்டு. மற்றப் பொதுப் பயனாளர்களின் கேள்விகளும் புகார்களும் இங்கே வருகின்றன. எந்தக் கோளை எப்போது பராமரிப்புக்கு எடுக்கிறார்கள், எது திடீரென்று பழுதானது என்ற அறிவிப்புகளையும் இங்கே பார்க்கலாம். கடல் தொழிலுக்கு இது புதிய பழக்கம் அல்ல. ஒரு கலங்கரை விளக்கம் அணைந்தாலும் மிதவை இடம் மாறினாலும் மாலுமிகளுக்கு அறிவிப்பு வரும். நம் நாட்டில் டேராடூனிலுள்ள தேசிய நீர்ப்பரப்பு அளவீட்டு அலுவலகம் அதை வெளியிடுகிறது. விளக்கு வானத்துக்குப் போனபோது அறிவிப்புப் பலகையும் கூடவே போயிற்று.

இந்தப் பலகை எவ்வளவு அவசியம் என்பதற்கு இரண்டு உதாரணம். 2016 ஜனவரி 26 அன்று ஒரு பழைய ஜி.பி.எஸ். கோளுக்கு ஓய்வு கொடுத்தபோது, வேறு சில கோள்கள் அனுப்பிய நேரத் தகவலில் சுமார் 13 மைக்ரோ விநாடி தவறு புகுந்தது. இடம் காட்டுவதில் பாதிப்பு இல்லை. ஆனால் ஜி.பி.எஸ். நேரத்தை நம்பி ஓடிய தொலைத்தொடர்புக் கருவிகள் பல நாடுகளில் அபாய மணி அடித்தன. 2019 ஜூலையில் ஐரோப்பாவின் கலிலியோ சேவை சுமார் ஒரு வாரம் நின்றே போயிற்று. தரைநிலையத்தில் ஏற்பட்ட கோளாறுதான் காரணம், வானத்தில் கோள்கள் நன்றாகத்தான் இருந்தன. கோளை ஏவுவது ஒரு நாள் வேலை. சேவையைத் தருவது தினமும் செய்ய வேண்டிய வேலை.

இனி நம் நாட்டுக் கதை. 2006ல் இந்திய அரசு சொந்த வழிகாட்டு அமைப்புக்கு ஒப்புதல் கொடுத்தது. 2013 ஜூலை 1 முதல் 2016 ஏப்ரல் 28 வரை ஏழு கோள்கள் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் போயின. அந்த ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்துக்கான விகாஸ் என்ஜினைச் சோதிப்பது நம் மாவட்டத்து மகேந்திரகிரியில்தான் என்பதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. ஏழாவது கோள் போன அன்று பிரதமர் இதற்கு ‘நாவிக்’ என்று பெயர் சூட்டினார். இந்தியாவுக்கும் சுற்றிலும் 1500 கிலோமீட்டர் வரைக்குமான சேவை இது. கருவி செய்வோருக்குத் தேவையான சிக்னல் விவரக் கையேட்டை இஸ்ரோ 2014லேயே பொதுவில் வெளியிட்டுவிட்டது. இதுவும் ஒருவகை வாடிக்கையாளர் சேவைதான்.

ஆனால் முதல் கோளின் மூன்று அணுக் கடிகாரங்களும் பழுதாயின. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பிய கோள், ராக்கெட்டின் வெப்பக் கவசம் கழலாததால் வீணாயிற்று. 2018 ஏப்ரலில் இன்னொன்று வெற்றிகரமாகப் போய்ச் சேர்ந்தது. உள்நாட்டு அணுக் கடிகாரத்துடன் 2023 மே 29 அன்று புதிய தலைமுறைக் கோள் போயிற்று. அதன் அடுத்த கோள் 2025 ஜனவரியில் ஏவப்பட்டும் உரிய பாதையை எட்டவில்லை.

இதற்கு நடுவே வந்தது ஓகி புயல். 2017 நவம்பர் கடைசியில் குமரிக் கடலில் மிக வேகமாக வலுத்த அந்தப் புயலில் தமிழ்நாட்டு, கேரள மீனவர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள், காணாமல் போனார்கள். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் ஜி.பி.எஸ். கருவியைக் கையாள்வதில் கெட்டிக்காரர்கள். தாங்கள் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். புயல் வருகிறது என்பதைத்தான் நடுக்கடலில் இருந்தவர்களுக்குச் சொல்ல வழி இல்லை. செல்போனும் படகிலுள்ள வயர்லெஸ்ஸும் கரையிலிருந்து சிறிது தூரத்துக்கு மேல் எட்டாது. உவரியிலும் கூட்டப்புளியிலும் இடிந்தகரையிலும் உறவுக்காரர்களோ சிநேகிதர்களோ உள்ளவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் வழிகாட்டுக் கோள்களை எச்சரிக்கை சொல்லவும் பயன்படுத்தும் வேலை வேகம் எடுத்தது. விமானங்களுக்காக ஏற்பட்ட ‘ககன்’ அமைப்பின் வழியாகச் செய்தி அனுப்பும் ‘ஜெமினி’ என்ற கருவி 2019 அக்டோபரில் அறிமுகமானது. ஹைதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் மையமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து செய்தது அது. புயல் எச்சரிக்கையும், மீன் கிடைக்கும் இடமும் படகிலுள்ள செல்போனில் மீனவரின் மொழியிலேயே வரும். ஒரு குறை, அது ஒருவழிப் பாதை. கரை பேசும், படகு பதில் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கிய திட்டத்தில் ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழிக் கருவி இலவசமாகப் பொருத்த ஏற்பாடானது. ஆபத்து என்றால் படகிலிருந்தும் செய்தி போகும்.

2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த கணக்கு என் கவனத்தை ஈர்த்தது. ஏவிய பதினொரு கோள்களில் நான்கு அப்போது இடம் காட்டும் சேவையைத் தந்தன. நான்கு, செய்தி ஒலிபரப்ப மட்டும் பயன்பட்டன. ஒன்றுக்கு ஓய்வு, இரண்டு உரிய பாதைக்குப் போகவே இல்லை. நான்குதான் மிச்சம் என்று வருத்தப்படலாம். நான்கில் ஒரு கோள் பழுதானாலே சேவைக்கே ஆபத்து என்பதால் வருத்தம் நியாயமானதுதான். ஆனால் இடம் காட்ட முடியாத கோள்கூடக் கடலில் இருப்பவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல உதவுகிறதே, அதையும் வரவில் எழுத வேண்டும்.

கடைசியாக நமக்குச் சம்பந்தப்பட்டது. கோள் தருவது இடத்தின் எண் மட்டும்தான். தெருப் பெயரும் வீட்டு எண்ணும் வரைபடம் தயாரிக்கும் நிறுவனத்தின் வேலை. ஜி.பி.எஸ். தப்பான தெருவுக்குக் கொண்டுபோய்விட்டது என்று நாம் திட்டும்போது, பெரும்பாலும் தப்பு வரைபடத்தில்தான் இருக்கும். நம் ஊர்ப் பெயருக்கே குழப்பம் உண்டு. முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல், சீவலப்பேரிப் பக்கத்து ஆற்றுக் கூடல். அவசரத்துக்கு அழைக்கும்போது ‘முக்கூடல்’ என்று மட்டும் சொல்லாமல் தாலுகா, தெரு, பக்கத்திலுள்ள கோவில் அல்லது பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். வரைபடச் செயலியில் நம் தெரு தவறாக இருந்தால் ‘திருத்தம் தெரிவி’ என்ற இடத்தில் பதிவு செய்யுங்கள். வீட்டு வாசலில் கதவு எண் தெரியும்படி எழுதி வையுங்கள். கடற்கரையில் சொந்தபந்தம் உள்ளவர்கள் கடலோரக் காவல்படையின் 1554 என்ற இலவச எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைப்பது நல்லது. பெங்களூரு தரைநிலையத்தில் இரவு முழுக்க விழித்திருந்து கடிகாரத்தைச் சரிபார்க்கிறார்கள். நம் தெருமுனை வரை அந்த உழைப்பு வீணாகாமல் வந்து சேர, மிச்ச வேலையை நாம் செய்வோம்.